எக்ஸ்பாக்ஸில் பேசினால் பிளேஸ்டேஷனில் கேட்குமா?

போன மே மாதம் காவேரிப்பட்டணத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாம்பழ சீசன், வீடு முழுக்கப் பழ வாசனை. கூடத்தில் அக்கா மகன் பிளேஸ்டேஷன் 5-இல் ஏதோ சுடுகிற ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தான். டிவிக்குக் கீழே ஒரு எவர்சில்வர் டம்ளர், அதற்குள் அக்காவின் போன். போனில் இரண்டு பையன்கள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தர்மபுரியில் இருக்கும் எங்கள் சித்தப்பா மகளின் பையன். அவனிடம் இருப்பது எக்ஸ்பாக்ஸ். இன்னொருவன் இவனோடு படித்துவிட்டு ஓசூருக்குக் குடிபோன தோழன், கம்ப்யூட்டரில் ஆடுகிறவன்.

“எதுக்குடா டம்ளரு?”

“சவுண்டு பத்தல மாமா.”

“கேம்லயே பேச வேண்டியதுதானே?”

“நான் பார்ட்டிக்குக் கூப்பிட்டா அவன் பேரே வரல. அவன் பார்ட்டிக்கு என்னால போக முடியல.”

பார்ட்டி என்றால் ஆடிக்கொண்டே பேசுவதற்கான குரல் குழு. மூன்று பேரும் ஒரே ஆட்டத்துக்குள், ஒரே அணியில் நிற்கிறார்கள். ஒருவன் சுட்டால் அடுத்த நொடியே மற்ற இருவர் திரையிலும் தெரிகிறது. பேச மட்டும் அம்மா போனும் டம்ளரும். பிழைப்புக்காகப் பெங்களூரில் இந்தக் குரல் வேலையைத்தான் நான் பார்க்கிறேன் என்பதால் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. அன்றைக்கு அவனுக்குச் சொன்னதையும், அவன் பொறுமை இழந்து எழுந்துபோன பிறகு மனதில் ஓடியதையும் இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். குரலை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோவது ஓரளவு தீர்ந்துபோன கணக்கு. யார் குரல் யார் காதில் விழலாம் என்று முடிவு செய்வதில்தான் எங்கள் நேரம் முழுவதும் போகிறது. ஆனாலும் முதல் கணக்கு புரியாமல் இரண்டாவது புரியாது.

வேலி எப்படி வந்தது

கன்சோலில், அதாவது டிவியில் மாட்டி ஆடுகிற இந்த விளையாட்டுப் பெட்டிகளில், பேசிக்கொண்டே ஆடுவது புதிதில்லை. 2002 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் லைவ் தொடங்கியபோதே சந்தாப் பெட்டிக்குள் ஒரு ஹெட்செட்டையும் வைத்து விற்றார்கள். ஆனால் அந்தக் காலத்திலிருந்தே ஒவ்வொரு கம்பெனியும் தன் பெட்டியை வாங்கியவர்களை மட்டும் மனதில் வைத்துத்தான் பேசும் வசதியைக் கட்டியது. பிளேஸ்டேஷனின் ‘பார்ட்டி’ பிளேஸ்டேஷன்காரர்களுக்கு, எக்ஸ்பாக்ஸின் ‘பார்ட்டி’ எக்ஸ்பாக்ஸ் கணக்கு உள்ளவர்களுக்கு. பக்கத்துப் பக்கத்துத் தோட்டம், நடுவில் முள்வேலி.

ஆட்டத்துக்கான வேலி முதலில் விலகியது. 2018 செப்டம்பரில் ஃபோர்ட்நைட் என்ற ஆட்டத்துக்காக, பிளேஸ்டேஷன் கம்பெனியான சோனி கதவைத் திறந்துவிட்டது. அதுவரை பிளேஸ்டேஷன்காரர்கள் எக்ஸ்பாக்ஸ் ஆட்களோடும் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் ஆட்களோடும் அந்த ஆட்டத்தை ஆட முடியாது. அப்புறம் ஒவ்வொரு ஆட்டமாக ‘கிராஸ்பிளே’, அதாவது பெட்டி மாறினாலும் சேர்ந்து ஆடும் வசதி, வந்தது. பேச்சுக்கான வேலி அப்படியே நின்றது. 2022-இல் எக்ஸ்பாக்ஸிலும் 2023-இல் பிளேஸ்டேஷன் 5-இலும் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியின் குரல் வசதி வந்தபோது ஒரு சந்து கிடைத்தது. நிண்டெண்டோ கதை தனி. 2017-இல் ஸ்விட்ச் வந்தபோது பேசுவதற்குப் போனில் ஒரு செயலியைத் திறக்கச் சொன்னார்கள். அக்கா மகனின் டம்ளர் யோசனைக்கு அது ரொம்பத் தூரமில்லை. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-இல்தான் மைக்கைப் பெட்டிக்குள்ளேயே வைத்தார்கள்.

ஆக, பெட்டி வேறு வேறாக இருப்பவர்கள் பேசிக்கொள்ள இரண்டு வழி. ஒன்று, டிஸ்கார்ட் மாதிரி மூன்றாவது ஆள். இரண்டாவது, விளையாட்டே தனக்குள் ஒரு குரல் பாதை போட்டுக்கொள்வது. கட்டுரை இந்த இரண்டாவதைப் பற்றியது.

ஒரு ‘வாடா’ போகிற வழி

அக்கா மகன் “வாடா” என்கிறான். மைக் அந்தச் சத்தத்தை நொடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. ஒவ்வோர் எண்ணுக்கும் 2 பைட் (ஒரு பைட் என்பது 8 பிட்). இதை அப்படியே அனுப்பினால் நொடிக்கு 768 கிலோபிட் ஆகும். வெறும் பேச்சுக்கு இவ்வளவு தேவையில்லை.

அதனால் சத்தத்தை 20 மில்லி வினாடித் துண்டுகளாக வெட்டுவார்கள். நொடிக்கு 50 துண்டு. ஒவ்வொன்றையும் ஓபஸ் என்ற முறையில் சுருக்குவார்கள். ஸ்கைப்பின் முறை ஒன்றையும் சிஃப் என்ற அமைப்பு உருவாக்கிய முறை ஒன்றையும் இணைத்து 2012-இல் பொதுத் தரமாக வந்தது ஓபஸ். காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். குரல் செயலிகளில் பெரும்பாலும் இன்று ஓடுவது இதுதான். நொடிக்கு 32 கிலோபிட் என்று வைத்தால், 1,920 பைட் இருந்த துண்டு 80 பைட்டாக ஒடுங்கிவிடும். அதற்கு மேல் ‘எங்கே போக வேண்டும், எத்தனையாவது துண்டு’ என்று ஒட்டுகிற சீட்டுகள் மட்டும் 40 பைட். இரண்டு கிலோ பழத்தை ஒரு கிலோ எடையுள்ள பெட்டியில் போட்டு அனுப்புவது மாதிரி. எங்கள் ஊர் மண்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் பெட்டியைப் பெரிதாக்கி நிறையப் பழம் போட்டால், பெட்டி நிறையும்வரை வண்டி நிற்க வேண்டும். அதுதான் தாமதம். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு மணி நேரம் விடாமல் பேசினாலும் ஏறக்குறைய 22 எம்பிதான் ஆகிறது. டேட்டா தீர்ந்துபோகும் என்று பேச்சை நிறுத்த வேண்டியதில்லை.

அடுத்து, வழியில் ஒரு துண்டு தொலைந்தால்? இணையத்தில் இரண்டு விதமான அஞ்சல் உண்டு. டிசிபி என்பது பதிவுத் தபால்: போய்ச் சேரவில்லையென்றால் திரும்ப அனுப்பும், வரிசை மாறாது. யுடிபி என்பது வீசிவிட்டுப் போவது: சேர்ந்தால் சரி. வங்கிக் கணக்குப் பார்க்கப் பதிவுத் தபால் வேண்டும். பேச்சுக்கு அது ஆகாது. தொலைந்த துண்டு திரும்பி வரும்வரை பின்னால் வந்ததையெல்லாம் நிறுத்தி வைத்தால் பேச்சு திக்கித் திக்கி, அப்புறம் மொத்தமாகக் கொட்டும். அதனால் குரல் யுடிபியில் போகிறது. தொலைந்தது தொலைந்ததுதான்.

அப்படியானால் ஓட்டை விழாதா? விழும், காதுக்குத் தெரியாமல் அடைப்பார்கள். தெருக்கூத்தில் வேஷக்காரருக்கு நடுப்பாட்டில் மூச்சு வாங்கினால் பின்பாட்டுக்காரர் அந்த இழையை அறுந்துபோகாமல் இழுத்துக்கொண்டு போவார் இல்லையா, அதே வேலை. முந்தைய துண்டின் ஒலியை வைத்து, அடுத்த 20 மில்லி வினாடி எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்புகிறது வாங்குகிற பக்கம். இதோடு, ஒவ்வொரு துண்டிலும் அதற்கு முந்தைய துண்டின் மட்டமான நகல் ஒன்றையும் செருகி அனுப்பும் வசதி ஓபஸில் இருக்கிறது. ஒன்றிரண்டு தொலைந்தால் யாருக்கும் தெரியாது. வரிசையாகப் பத்துத் தொலைந்தால் பின்பாட்டுக்காரரும் கைவிட்டுவிடுவார், ரோபோ மாதிரி ஒரு இழுவைச் சத்தம் கேட்கும்.

தொலைவதைவிடப் பெரிய தொல்லை, துண்டுகள் ஒரே சீராக வராமல் இருப்பது. 20 மில்லி வினாடிக்கு ஒன்று என்று அனுப்பினாலும், வைஃபையில் அக்கா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தால் மூன்று சேர்ந்து வரும், அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் வராது. இதற்கு மருந்து நம் வீட்டு மாடியிலேயே இருக்கிறது: சின்டெக்ஸ் தொட்டி. ஒகேனக்கல் தண்ணீர் விடுகிற நேரத்தில் வேகமாக வந்தாலும் மெதுவாக வந்தாலும் தொட்டியில் நிரப்பிக்கொண்டால் கீழே குழாயில் சீராகக் கொட்டும். குரலிலும் அப்படித்தான், வந்த துண்டுகளைக் கொஞ்சம் சேர்த்து வைத்து ஒரே தாளத்தில் வெளியே விடுகிறார்கள்.

ஆனால் தொட்டி பெரிதானால் குழாயில் வருவது பழைய தண்ணீர். 200 மில்லி வினாடிக்குச் சேர்த்து வைத்தால் பேச்சு வெண்ணெய் மாதிரி இருக்கும். ‘பின்னால் வருகிறான்’ என்பது அவன் சுட்டு முடித்த பிறகு கேட்கும். அதனால் நல்ல வடிவமைப்பில் தொட்டியே வளர்ந்து சுருங்கும். இணைப்பு ஒழுங்காக இருக்கும்போது 40 மில்லி வினாடி, மோசமானால் 80, 100. ஒவ்வொரு ஆளின் குரலுக்கும் தனித்தனித் தொட்டி. இது முக்கியம். தர்மபுரிப் பையனின் இணைப்பு கெட்டால் ஓசூர்ப் பையன் குரல் தாமதமாகக் கூடாது.

எவ்வளவு தாமதம் வரை தாங்கலாம்? தொலைபேசித் துறையின் சர்வதேச அமைப்பான ஐடியு வைத்திருக்கும் அளவு, ஒரு வாயிலிருந்து இன்னொரு காதுக்கு 150 மில்லி வினாடி. அதற்குள் இருந்தால் பெரும்பாலான பேச்சுக்குக் குறை தெரியாது. அந்த 150 எங்கே போகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஊர்த் தூரத்துக்கு ரொம்பக் கொஞ்சம். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி வினாடியில் சுமார் 200 கிலோமீட்டர் போகிறது. குரலை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற கம்ப்யூட்டர், அதாவது சர்வர், மும்பையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காவேரிப்பட்டணத்திலிருந்து அதற்கு இழை 1,200 கிலோமீட்டர் சுற்றிப் போனாலும் 6 மில்லி வினாடிதான். வழியில் இருக்கிற ரவுட்டர்களின் வரிசையில் காத்திருப்பது கொஞ்சம் சேரும். மைக்கிலிருந்து எடுப்பது, துண்டு நிறையக் காத்திருப்பது, தொட்டி, ஸ்பீக்கருக்கு அனுப்புவது என்று பாக்கியெல்லாம் வீட்டுக்குள்ளேயே கரைகிறது. டிவியை ‘கேம் மோடு’ என்கிற தாமதம் குறைக்கும் அமைப்பில் வைக்காவிட்டால் டிவியும் தன் பங்குக்குச் சாப்பிடும்.

புளூடூத் ஹெட்செட்டை பிளேஸ்டேஷன் 5-ம் எக்ஸ்பாக்ஸும் நேரடியாக ஏற்பதில்லை. எத்தனையோ பேர் கடையில் வாங்கிவந்து, இணையவில்லை என்று திட்டியிருப்பார்கள். சாதாரண புளூடூத்தில் சத்தம் நூறு, இருநூறு மில்லி வினாடி பிந்துவது சகஜம். மேலே சொன்ன 150 மொத்தமும் அந்த ஒரு தாவலிலேயே போய்விடும். அதனால்தான் கன்சோல் ஹெட்செட்டுகளோடு தனியாக ஒரு யுஎஸ்பி செருகி வருகிறது, அல்லது அவை எக்ஸ்பாக்ஸின் சொந்த வயர்லெஸில் பேசுகின்றன. எளிய வழி, கன்ட்ரோலரில் இருக்கும் 3.5 எம்எம் துளையில் போனோடு வந்த பழைய இயர்போனைச் செருகுவது. அன்று கடைசியில் கிளம்பும்போது நான் அக்கா மகனுக்குச் செய்துகொடுத்ததும் அதுதான்.

கட்டை விரல் இரண்டுதான்

கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு பேசுவார்கள்; விட்டால் மைக் மூடிக்கொள்ளும். சத்தத் தொல்லையே இல்லை. இந்த வழக்கத்தை அப்படியே கன்சோலுக்குக் கொண்டுவந்தவர்கள் மண்ணைக் கவ்வினார்கள். கன்ட்ரோலரைப் பிடித்துப் பாருங்கள். இரண்டு கட்டை விரலும் குச்சிகள்மேல், ஆள்காட்டி விரல் இரண்டும் விசைகள்மேல். எந்த விரலை எடுத்தாலும் சாவு. ஆக கன்சோலில் மைக் எப்போதும் திறந்தே இருக்கும். ‘இப்போது பேசுகிறானா, சும்மா இருக்கிறானா’ என்பதை மென்பொருள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிளேஸ்டேஷன் 5-இன் கன்ட்ரோலரில் மைக் உள்ளேயே இருக்கிறது. பக்கத்திலேயே மியூட் பொத்தான், அழுத்தினால் ஆரஞ்சு நிற விளக்கு எரியும். வசதிதான், ஆனால் அந்த மைக் பொத்தான் அழுத்துகிற கையிலேயே இருக்கிறது, டக்டக் என்பது எல்லாம் அதற்குள் விழும். வீட்டுச் சத்தம் வேறு. மின்விசிறி மாதிரி ஒரே சீரான சத்தத்தை நீக்குவது சுலபம். மிக்சி பரவாயில்லை. குக்கர் விசில் கஷ்டம். எல்லாவற்றையும்விடக் கஷ்டம் பக்கத்தில் இருக்கிற இன்னொரு மனிதக் குரல், ஏனென்றால் குரலை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கு என்றுதான் அந்த மென்பொருளுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். பாட்டி குரலும் குரல்தானே.

இங்கே தமிழுக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை, சொந்தத்தில் பட்டதுதான். பேச்சு நின்றதும் மைக்கை மூடும் மென்பொருள், குரல் தணிந்தவுடனேயே மூடினால் வாக்கியத்தின் வால் அறுந்துபோகும். ஆங்கிலத்தில் ‘வேண்டாம்’ என்கிற சொல் முதலிலேயே வந்துவிடும், வால் போனாலும் குடி முழுகாது. தமிழில் வினையும் மறுப்பும் கடைசியில், அதுவும் குரல் இறங்குகிற இடத்தில். ‘அந்தப் பக்கம் போகாதே’ என்பதில் கடைசி எழுத்துகள் விழுங்கப்பட்டால், கேட்கிறவன் ‘அந்தப் பக்கம் போ’ என்று எடுத்துக்கொண்டு நேராகப் போய்ச் சாவான். அன்றைக்கு டம்ளருக்குள்ளிருந்து “மேல ஏறா…” என்று வந்தது, இவன் ஏறினான், அடி விழுந்தது, ஒரே சண்டை. குரல் தணிந்த பிறகும் 300 மில்லி வினாடியாவது மைக்கைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுதான் காரணம். கொஞ்சம் குக்கர் சத்தம் உள்ளே வந்தால் வரட்டும்.

இன்னொரு தொல்லை எதிரொலி. ஹெட்செட் இல்லாமல் டிவி ஸ்பீக்கரில் கேட்டால், நண்பன் குரல் டிவியிலிருந்து கிளம்பித் திரும்ப என் மைக்குக்குள் புகுந்து அவன் காதுக்கே போகும். இதை நீக்க, ‘நான் ஸ்பீக்கருக்கு என்ன அனுப்பினேன்’ என்பதை மென்பொருள் நினைவில் வைத்திருந்து மைக்கில் வருவதிலிருந்து கழிக்கும். கன்சோலில் இது கொஞ்சம் ஏமாற்றும், ஏனென்றால் டிவி எவ்வளவு தாமதமாக ஒலிக்கும் என்பது ஒவ்வொரு வீட்டிலும் வேறு. டம்ளர் ஏற்பாட்டில் இது சுத்தமாக வேலை செய்யாது. டிவியில் வெடிக்கிற குண்டு போனுக்குத் தெரியாத சத்தம், எதைக் கழிப்பது என்றே அதற்குப் புரியாது. அதனால்தான் அங்கே ஒவ்வொரு குண்டும் இரண்டு முறை வெடித்தது.

நேராகவா, நடுவில் ஓர் ஆள் வைத்தா?

மூன்று பேரும் ஒருவருக்கொருவர் நேராக அனுப்பிக்கொள்ளலாம். நான்கு பேர் இருந்தால் ஒவ்வொருவரும் மூன்று நகல், 16 பேர் இருந்தால் 15 நகல். வீட்டு இணைப்பில் வெளியே அனுப்பும் பாதை (அப்லோட்) அவ்வளவு தாங்காது. அதைவிடப் பெரிய சிக்கல், நேராக அனுப்பினால் உங்கள் வீட்டு இணைய முகவரி எதிரில் ஆடுகிற முகம் தெரியாதவனுக்குத் தெரியும். தோற்ற கோபத்தில் அந்த முகவரியைக் குறிவைத்து இணைப்பையே முடக்கிவிடுகிறவர்கள் உண்டு. போதாக்குறைக்கு நம் ஊரில் பல இணைப்புகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை வைத்திருக்கின்றன. வெளியிலிருந்து நேராக வந்து கதவைத் தட்டவே முடியாது.

அதனால் நடுவில் ஒரு சர்வர். ஒவ்வொருவரும் அதற்கு ஒரே ஒரு நகல் அனுப்பினால் போதும், அது மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். காவேரிப்பட்டணத்துப் பையன் “வாடா” என்றால் அது மும்பை போய்த் தர்மபுரிக்கு வரும். கேட்க அபத்தமாக இருக்கும், ஆனால் கணக்கு முன்னமே பார்த்துவிட்டோம்.

சர்வர் எல்லாக் குரலையும் ஒன்றாகக் கலந்து ஒரே ஒலியாக அனுப்பலாம். தனித்தனியாகவும் அனுப்பலாம். கலந்தால் டேட்டா மிச்சம். ஆனால் கலந்த சாம்பாரிலிருந்து உப்பை எடுக்க முடியாது: ‘இவன் குரல் மட்டும் வேண்டாம்’ என்று நான் சொன்னால் எனக்கென்று தனிக் கலவை செய்ய வேண்டும். ஒவ்வொருவருக்கும் வேண்டாத ஆள் வேறு என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு கலவை. எனவே இப்போது பெரும்பாலும் தனித்தனியாகவே அனுப்புகிறார்கள். இந்தத் தொழில்நுட்ப முடிவையே ‘யார் குரல் யாருக்கு’ என்கிற கேள்விதான் எடுக்க வைக்கிறது, கவனித்தீர்களா?

யார் குரல் யார் காதில்

ஒரே பையனுக்குப் பிளேஸ்டேஷனில் ஒரு பெயர், எக்ஸ்பாக்ஸில் ஒரு பெயர், கம்ப்யூட்டரில் ஒரு பெயர். பிளேஸ்டேஷனுக்கு எக்ஸ்பாக்ஸ் ஆளைத் தெரியாது. அக்கா மகன் சொன்ன ‘அவன் பேரே வரல’ இதுதான். அதனால் விளையாட்டு தனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, அதில் மற்ற கணக்குகளைக் கட்டிப்போடுகிறது. ரேஷன் கார்டு மாதிரி, குடும்பத்தில் எத்தனை பேர் இருந்தாலும் ஒரே எண். குரல் அறைக்குள் நுழைவது அந்த எண்ணை வைத்து.

நண்பர் பட்டியல் இதோடு தீர்ந்தது. தடைப் பட்டியல் தீரவில்லை. எக்ஸ்பாக்ஸில் நான் ஒருவனைத் தடுத்து வைத்திருக்கிறேன். அவனும் எக்ஸ்பாக்ஸில் வந்தால், விளையாட்டு எக்ஸ்பாக்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்; கேட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வெளியீட்டுக்கு முந்தைய சோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதே ஆள் நாளைக்குப் பிளேஸ்டேஷனில் வந்தால்? எக்ஸ்பாக்ஸுக்கு அவனை அடையாளம் தெரியாது. அதற்கு விளையாட்டு சொந்தமாக ஒரு தடைப் பட்டியல் வைக்க வேண்டும். இப்போது கையில் இரண்டு பட்டியல். இரண்டும் முரண்பட்டால் எது செல்லும்? நாங்கள் கடைப்பிடிக்கிற விதி: எது அதிகக் கண்டிப்பாக இருக்கிறதோ அது. யாரோ ஒருவர் ‘வேண்டாம்’ என்றிருந்தால் வேண்டாம்தான்.

மியூட் வேறு, தடை வேறு என்பதும் இங்கே தெரிய வேண்டும். மியூட் என்பது ‘எனக்குக் கேட்க வேண்டாம்’. என் பெட்டியிலேயே அவன் ஒலியைக் குறைத்தால் முடிந்தது. தடை என்பது ‘என் குரலும் அவனுக்குப் போகக் கூடாது’. இதை என் பெட்டியில் செய்தால் ஏமாற்று, ஏனென்றால் குரல் அவன் வீட்டுக்குள் போய்விட்டிருக்கும். சர்வரிலேயே நிறுத்த வேண்டும். அதனால் அறைக்குள் வரும் ஒவ்வொருவருக்கும் சர்வர் ஒரு அனுமதிச் சீட்டு கொடுக்கிறது: நீ பேசலாம், இன்னின்னார் குரலைக் கேட்கலாம், சீட்டு கொஞ்ச நேரத்துக்குத்தான் செல்லும். ஆட்டத்தின் நடுவில் ஒருவன் தடைசெய்தால் சீட்டு அந்த நொடியே மாற வேண்டும். அடுத்த ஆட்டத்தில் மாறும் என்று வைத்தால், வசவு வாங்குகிறவன் இருபது நிமிடம் வாங்கிக்கொண்டே இருப்பான்.

மியூட் செய்ய, பேசுவது யார் என்று முதலில் தெரிய வேண்டும். ஐந்து பேர் கத்தும்போது திரையில் எந்தப் பெயர் மினுக்குகிறதோ அதைத்தான் அமுக்குவோம். அந்த மினுக்கலுக்கான செய்தி குரலோடு சேர்ந்தே பயணம் செய்ய வேண்டும். வேறு பாதையில் போய் அரை நொடி பிந்தினால் தப்பான ஆளை மியூட் செய்வீர்கள். சின்ன விஷயம் மாதிரித் தெரியும், எனக்கு இதிலேயே இரண்டு வாரம் போனது.

அப்புறம் குழந்தைகள். பிளேஸ்டேஷனில் பெற்றோர் கணக்கிலிருந்து பிள்ளையின் பேச்சையே நிறுத்திவைக்கலாம். எக்ஸ்பாக்ஸில் அதற்கு மேலும் ஒரு அடுக்கு உண்டு: எக்ஸ்பாக்ஸுக்கு வெளியே இருப்பவர்களோடு பேசலாமா என்பதற்குத் தனி அமைப்பு. இந்தியாவில் 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. ஆக, ஒரு பையன் பேச வேண்டுமானால் கன்சோல் அனுமதிக்க வேண்டும், விளையாட்டு அனுமதிக்க வேண்டும், அம்மா அனுமதித்திருக்க வேண்டும். மூன்று பூட்டு. மறுமுனையில் இருக்கிற பையனுக்கும் அதே மூன்று.

பூட்டு இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. எந்தப் பூட்டு மாட்டியிருக்கிறது என்று சொல்லாததுதான் எரிச்சல். அக்கா மகன் ஆடிய விளையாட்டில் அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மைக் படம், குறுக்கே ஒரு கோடு. அவ்வளவுதான். ஹெட்செட் பழுதா, இணைப்பு இல்லையா, அனுமதி இல்லையா, ஒன்றும் கிடையாது. ‘உங்கள் பெற்றோர் கணக்கில் குரல் அரட்டை நிறுத்தப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி இருந்திருந்தால் டம்ளர் தேவைப்பட்டிருக்காது. குரல் வடிவமைப்பு கற்றுக்கொள்கிறவர்கள் எதிரொலி நீக்கத்தைப் பிறகு படிக்கலாம், முதலில் இந்த வரிகளை எழுதிப் பழகட்டும்.

வாயால் பேசவோ காதால் கேட்கவோ முடியாதவர்களையும் விட்டுவிட முடியாது. அமெரிக்காவில் 2010-இல் வந்த ஒரு சட்டம் தகவல்தொடர்பு வசதிகளை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைக்கச் சொல்கிறது. விளையாட்டுகளுக்குத் தந்திருந்த விலக்கு 2018 முடிவோடு தீர்ந்தது. பேச்சை எழுத்தாகக் காட்டுவது, எழுத்தைக் குரலாக வாசிப்பது எல்லாம் அதனால் பரவின. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசுகிற ஓசூர்ப் பையனை எழுத்தாக மாற்றச் சொன்னால் அந்த மென்பொருள் படும் பாடு தனி வேடிக்கை.

சரி, அன்றைக்கு என்ன ஆனது? அக்கா போனிலேயே பெற்றோர் கணக்கைத் திறந்து பேச்சுத் தடையை எடுத்தோம். விளையாட்டின் கணக்கோடு பிளேஸ்டேஷனைக் கட்டினோம். அப்போதும் கேட்கவில்லை. கால் மணி நேரம் முழித்த பிறகுதான் தெரிந்தது, அவன் பழைய பழக்கத்தில் தன் பிளேஸ்டேஷன் பார்ட்டியைத் தனியாகத் திறந்து வைத்து அதற்குள் உட்கார்ந்திருந்தான். பார்ட்டி திறந்திருந்தால் மைக் அங்கேதான் போகும், விளையாட்டுக்கு வராது. யாருமில்லாத அறையில் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். அதை மூடியதும் டிவியில் முதலில் கேட்டது தர்மபுரிப் பையன் குரல் இல்லை. பின்னாலிருந்து அவன் அம்மா.

“டேய், சோறு ஆறுது, வாடா!”

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “நம்ம தங்கச்சி குரல் மாதிரி இருக்கே. என்ன கொழம்புன்னு கேளுடா.”